மூன்று ஊர்க் கம்ப்யூட்டர்களில் பெய்த மழை

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் மகள், ஆதார் கார்டில் பிறந்த தேதியைத் திருத்த வந்திருந்த ஓர் அம்மா, அந்த அம்மா சந்தையில் வாங்கிக் கூடையில் போட்டுக் கொண்டுவந்திருந்த ஒரு கோழி. கோழியைச் சேர்த்துக்கொள்ளக் காரணம் உண்டு. என் மகள் கேட்டதற்கு முதலில் சத்தம் போட்டது அதுதான்.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், கலர் பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம். உள்ளே ஆறு கம்ப்யூட்டர்கள். ஒரு காலத்தில் ஆறிலும் ஆள் இருப்பார்கள், ஏழாவது ஆள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லார் கைக்கும் போன் வந்த பிறகு இரண்டுதான் ஓடுகின்றன. மற்ற நான்கும் துணி போர்த்திக்கொண்டு இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதைப் போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. தெரியாததால் அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலே மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிடுவேன்.

மகள் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். வகுப்புகள் முடிந்து, ப்ராஜெக்ட் என்று வீட்டில் இருந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று மதியம் கடைக்கு வந்து, வந்த வேகத்தில் சொன்னாள்.

“ப்பா, ஆறு கம்ப்யூட்டரையும் எனக்குக் குடு. கடை பாட்டுக்குக் கடை நடக்கட்டும். ஆளு உக்காராத நேரம் மட்டும் எடுத்துக்கிறேன்.”

“எடுத்துக்கினு எங்க போவ?”

“எங்கயும் போவ மாட்டேன். அதுங்க இங்கயே குந்தினு கணக்கு போடும்.”

“இன்னா கணக்கு?”

“மழைக் கணக்கு.”

இங்கேதான் கோழி கத்தியது. அதன் சொந்தக்காரம்மா, “ஏம்பா, என் தேதிய மாத்திக் குடுத்துட்டு அப்பால மழையப் பாருங்கப்பா. பஸ்ஸு போய்டும்” என்றார். அவருக்கு வேலையை முடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு மகள் பக்கம் திரும்பினேன்.

விஷயம் இதுதான். எங்கள் மலைப்பாதையில் ஒவ்வொரு பெரிய மழைக்கும் ஏதாவது ஒரு வளைவில் மண்ணும் கல்லும் இறங்கி பஸ் நின்றுவிடும். எந்த மழைக்கு எந்த வளைவு என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு உயரம் என்ற விவரத்தை இணையத்தில் இலவசமாக எடுத்து வைத்திருந்தாள் மகள். இந்த இடத்தில் இவ்வளவு மழை பெய்தால் தண்ணீர் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு ஓடும் என்று கணக்கிட வேண்டும். ஒரு மழையைக் கணக்கிட அவள் லேப்டாப்புக்கு அரை நாள் ஆயிற்று. அவளுக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான மழைகள். லேசான மழை, கனத்த மழை, மேற்கே மட்டும் பெய்யும் மழை, விட்டுவிட்டுப் பெய்யும் மழை. கல்லூரியில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதற்கு வரிசை. வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் இவளைப் போன்ற பிள்ளைகள். ப்ராஜெக்டை வாத்தியார்கள் பார்த்துக் கேள்வி கேட்கிற ரிவ்யூ நெருங்கிக்கொண்டிருந்தது. “அதுக்குள்ள முடியலன்னா வேற தலைப்பு எடுத்துக்கம்மா” என்று அவளுடைய சார் சொல்லிவிட்டார்.

வேறு தலைப்பு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். டவுனில் ப்ராஜெக்டை ரெடியாகவே விற்கிற கடைகள் இருக்கின்றன. பணம் கட்டினால் ப்ரோக்ராம், பைண்டு போட்ட புத்தகம், கேள்விக்குப் பதில் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். நான் ஏற்கெனவே போன் போட்டு விலை விசாரித்து வைத்திருந்தேன். விசாரித்து வைப்பது என் குணம். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆம்புலன்ஸ் நம்பர் சரிதானா என்று ஒரு தரம் அடித்துப் பார்க்கிற ஆள் நான்.

“வாங்கிடலாம்மா. டிகிரி வந்தா போதும். எல்லாரும்தான வாங்கறாங்க” என்றேன்.

“எல்லாரும் வாங்கட்டும். இது நம்ம ரோடுப்பா. வேற எவன் போடுவான் இந்தக் கணக்க?” என்றாள். அப்போதுதான், அவள் கேட்பது கம்ப்யூட்டரை மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது. நாலு வருஷம் படித்ததற்கு, தன்னுடையது என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ரிவ்யூவில் நிற்க வேண்டும் அவளுக்கு.

மனைவி லேமினேஷன் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “குடுங்க. துணி போத்தி வெச்சு இன்னா அழகு பாக்கறீங்க?”

அன்று மாலையே துணியை எடுத்தோம். ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தூசி தட்டி அவள் ஏதோ ஏற்றிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வைரஸ் வருமா? போலீஸ் வருமா? ஜனங்களுடைய ஆதார் விவரம் வெளியே போகுமா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். ஒரு சுற்று முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி கேட்டேன். அதற்கும் இல்லை என்றாள், கோபப்படாமல். அந்தப் பொறுமை அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

“இதுக்குப் பேரு கிரிட் கம்ப்யூட்டிங்ப்பா. கிரிட்னா இன்னான்னு தெரியுமா?”

“கரண்டு கிரிட் தெரியும். அது போச்சுன்னா லைன்மேன் போன் எடுக்க மாட்டாரு.”

சிரித்துவிட்டாள். “பேரே அங்கருந்துதான் எடுத்தாங்க.”

அப்புறம் வந்த நாட்களில் அவள் துண்டுதுண்டாகச் சொன்னதை என் மண்டையில் ஏறிய அளவில் எழுதுகிறேன். ஆதியில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். ஓர் அறை முழுக்க அதுவே இருக்கும். கணக்கை அட்டையில் துளை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பலனுக்காகக் காத்திருப்பார்களாம், நாம் ரேஷன் கடையில் நிற்பதைப் போல. பிறகு ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பங்கு போட்டுக்கொள்ள வழி கண்டார்கள். கரண்டும் தண்ணீரும் வீட்டுக்கு வருவதைப் போல ஒரு நாள் கணக்கிடும் சக்தியும் வீட்டுக்கு வரும், சுவிட்சைப் போட்டால் போதும் என்று அந்தக் காலத்திலேயே பேசியிருக்கிறார்கள். ஆனால் சின்னக் கம்ப்யூட்டர்கள் மலிவாக வந்து மேஜைக்கு ஒன்று ஆகிவிட்டது. மேஜைக்கு ஒன்று ஆனதும் பார்த்தால், பாதி நேரம் அவை சும்மா இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு வழி செய்தார்களாம். ஆள் எழுந்து காபி குடிக்கப் போனால் அவருடைய கம்ப்யூட்டருக்கு வேறொருவருடைய கணக்கைக் கொடு. அவர் திரும்பி வந்து கீபோர்டைத் தொட்டதும் அதை எடுத்துவிடு. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. வீட்டுக்காரர் வந்ததும் மரியாதையாக எழுந்து நிற்கிற விருந்தாளி மாதிரி இருந்தது.

அப்புறம் தொண்ணூறுகளில், வேறு வேறு ஊர்களில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்களை வேகமான லைன்களால் இணைத்து ஒரே கம்ப்யூட்டராக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அந்த வழியில் வந்தவர்கள்தான் கரண்டிலிருந்து கிரிட் என்ற பெயரை எடுத்தது. யார் உள்ளே வரலாம், யாருடைய பேச்சை எந்தக் கம்ப்யூட்டர் நம்பலாம் என்றெல்லாம் விதி எழுதினார்கள். ஐரோப்பாவில் அணுத்துகள்களை மோதவிட்டுப் பார்க்கிற இடத்தில் ஓர் ஊரால் தாங்க முடியாத அளவுக்கு விவரம் கொட்டியபோது, அதைப் பல நாடுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நம் நாட்டிலும் அதற்கு இடம் உண்டாம். இன்னொரு பக்கம், சாதாரண ஜனங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையே இரவல் கேட்டார்கள். வானத்திலிருந்து வரும் இரைச்சலில் வேறு உலகத்து ஆட்கள் யாராவது பேசுகிறார்களா என்று தேட, லட்சக்கணக்கான பேர் கொடுத்தார்கள். காவலூர்ப் பக்கம் வானத்தைப் பார்க்கிற பெரிய டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் வானத்தில் யார் பேசுவது என்று என் மனைவி ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

ஆறு போதாது என்றாள் மகள். சந்தவாசலில் என் தங்கை கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம்தான் வருவார்கள், பகல் முழுக்க அங்கே எட்டு கம்ப்யூட்டர் சும்மா. அண்ணன் மகள் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டாள். ஆலங்காயத்தில் எங்களைப் போலவே கடை வைத்திருக்கிற ஒருவர் உண்டு. என்னைவிட மூத்தவர். பிரிண்டர் மை தீர்ந்தால் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வோம். அவருக்குப் போன் போட்டேன்.

“இன்னாப்பா, உன் பொண்ணு என் கடைக்குள்ள மழை வரவெக்கப் போறாளாமே?”

“கணக்குதான்ணா. மெய்யான மழை இல்ல.”

“மெய்யானதா இருந்தாத்தான் நல்லாருக்கும், இங்க போர்ல தண்ணியே இல்ல. வரச் சொல்லு பொண்ண.”

இப்படி மூன்று ஊரிலும் கம்ப்யூட்டர்கள் ஓட ஆரம்பித்தன. எங்கள் கடையில் ஓரத்தில் இருந்தது தலைமை. எந்த மழை எந்த ஊரில் கணக்காகிறது என்று அதற்குத்தான் தெரியும். ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் பச்சைப் புள்ளி, நின்றதற்குச் சாம்பல் புள்ளி. நான் வேலையை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் உட்காராமலே ஆறும் விசிறி சுற்ற முணுமுணுத்துக்கொண்டிருப்பது, மதிய வெயிலில் மாடுகள் அசைபோடுகிற மாதிரி ஒரு நிம்மதி. ஆனால் நிம்மதி என்னிடம் ரொம்ப நேரம் தங்காது. உயிரோடுதான் இருக்கிறதா என்று போய் ஒரு கீயைத் தட்டிப் பார்ப்பேன். திரை வெளிச்சமாகும், சரி என்று அடுத்ததற்குப் போவேன். இரண்டு நாள் கழித்து மகள் கேட்டாள், எங்கள் கடை மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று. யாராவது தொட்டால் மரியாதையாக நின்றுவிட வேண்டும் என்பதுதானே விதி? நான் தொடத் தொட, அது ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துக் கணக்கை ஓரம் வைத்திருக்கிறது.

“நீ கவலப்படறியே, அதாம்ப்பா அதுக்கு வேலைய நிறுத்துது” என்று சொல்லி ஆறு கீபோர்டு மேலும் பழைய துணியைத் திரும்பப் போர்த்திவிட்டுப் போனாள்.

பங்குனிக் கடைசி. மகள் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்டக் கல்லூரிக்குப் போயிருந்தாள். மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிவி, பிரிட்ஜ், மோட்டார், போன் சார்ஜர் எல்லாம். மின்னல் எந்தக் கம்பி வழியாக இறங்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் முதல் இடிக்கு எல்லா வீட்டுக்குள்ளும் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். அது முடிந்ததும் அடுத்தது போன். சொந்தக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டு அவர்கள் டிவி போய்விட்டால் அடுத்த கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இடி இறங்கியது. நான் ஐந்தைப் பிடுங்கினேன். தலைமையைப் பிடுங்கும்போது கை ஒரு கணம் நின்றது. அடுத்த இடிக்கு அதுவும் வந்துவிட்டது. உடனே சந்தவாசலுக்குப் போன்.

“இடி இறங்குதும்மா, பிடுங்கிடு.”

“தோ பிடுங்கறேண்ணா.”

அடுத்து ஆலங்காயம். “அண்ணா, இடி. பிடுங்கிடுங்க.”

“சரி, வெச்சிடு.”

சந்தவாசலில் அப்போது சுள்ளென்று வெயில். ஆலங்காயத்தில் ஒரு மேகம் இல்லை. இரண்டு பேரும் வானத்தைப் பார்க்கவில்லை. இடி என்று போன் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வெளியே போய்ப் பார்த்து வாதம் செய்துகொண்டு நிற்பதில்லை. பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆலங்காயத்துக் கடையில் காலேஜ் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருந்த ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டாராம்.

மகளுடைய ப்ரோக்ராம், ஒரு மழை முழுசாக முடிந்த பிறகுதான் பலனை எழுதி வைக்கும். மூன்று ஊரிலும் பாதியில் இருந்த மழைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் போய்விட்டன. தலைமையை நான் பிடுங்கிய விதத்தில், அதுவரை முடிந்த கணக்கிலும் ஒரு பகுதி திறக்காமல் கெட்டுப்போனது. இடியில் எங்கள் இன்டர்நெட் லைனும் செத்துவிட்டது. ரிவ்யூவுக்கு இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை.

சாயங்கால பஸ்ஸில் அவள் இறங்கும்போது நான் நின்றுகொண்டிருந்தேன். பையை வாங்கிக்கொண்டு நடந்தபடியே சொன்னேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

மனைவிதான் வாயைத் திறந்தாள். “நல்லா நாலு திட்டு திட்டுடி உங்கப்பன. திட்டிட்டீன்னாத்தான் அந்தாளுக்குத் தூக்கம் வரும்.”

“யாரத் திட்டறது? ஊரே இதத்தான் பண்ணும். நான் இருந்திருந்தா நானும்தான் பிடுங்கியிருப்பேன்” என்றாள். பிறகு, “பேஜாரு ஆய்டுச்சுப்பா” என்றாள். அழுதாள். நான் மெதுவாக அந்த ப்ராஜெக்ட் கடை நம்பர் இன்னும் இருக்கிறது என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மகள் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

“நான் பெரிய எடத்து கிரிட் மாதிரி பண்ணிட்டேன்ப்பா. பெரிய நிறுவனத்துல கம்ப்யூட்டருக்குன்னு தனி ரூம், தனி ஆளு. எவனும் சொல்லாம பிடுங்க மாட்டான். அதான் ஒண்ண ஒண்ணு நம்பிச்சு. நம்ம வேலை வூட்டுக் கம்ப்யூட்டர இரவல் வாங்கினாங்களே, அவங்க வேலை. எவன் வூட்ல எப்ப இன்னா ஆவும்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னு வெச்சுதான் எல்லாத்தையும் எழுதினாங்க.”

“அப்ப பிடுங்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்” என்றேன்.

“வேணாம். பிடுங்காதீங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அத்தை வூட்டுக் கம்ப்யூட்டர் எரிஞ்சா யாரு தருவாங்க? நீங்க பாட்டுக்குப் பிடுங்குங்க. கணக்குதான் அதுக்குத் தக்க மாறணும்.”

இரவல் வாங்கியவர்கள் செய்ததையே செய்தாள். ஒவ்வொரு மழையையும் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். கொஞ்சம் போனதும் இதுவரை இவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டு மேலே போகும்படி மாற்றினாள். ஒரே துண்டை இரண்டு ஊருக்கு அனுப்பினாள். மலையில் இடி என்றால் கீழே ஓடும், கீழே கரண்டு போனால் மலையில் ஓடும். இரண்டு ஊர்ப் பலனும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வது. முன்பு வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சில சூடேறித் தப்பாகக் கணக்கிட்டதாலும், சிலர் பெயர் வாங்குவதற்காகப் பொய்ப் பலன் அனுப்பியதாலும் அப்படி ஒரு வழக்கம் வந்ததாம். எங்களுக்குள் பொய் சொல்ல யாரும் இல்லை. ஆனால் என் கடை மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் பலன் மட்டும் எதனோடும் ஒத்துப்போகவில்லை. திறந்து பார்த்தால் விசிறி முழுக்க நூலாம்படை. சொந்தப் பிள்ளை வகுப்பில் முட்டை வாங்கின மாதிரி எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை அணைத்துவிட்டோம்.

தலைமையை ஆலங்காயத்துக்கு மாற்றினாள். அங்கே இடி குறைவு, லைன் நன்றாக இருக்கும், கடையும் ராத்திரி முழுக்க ஓடலாம் என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டார். இடி என்று நான் போன் போடுகிற வழக்கமும் நிற்கவில்லை. அவர் போனை எடுத்ததும், “இருப்பா” என்று சொல்லி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, “உனக்குத்தான் இடி, எனக்கு வெயிலு. நீ பிடுங்கிக்க, நான் ஓட்டறேன்” என்பார்.

எங்களுக்கு லைன் இல்லையே, மலைக்கும் ஆலங்காயத்துக்கும் எப்படித் தொடர்பு? போன் சிக்னல் மூன்று நிமிஷம் வந்தால் முப்பது நிமிஷம் போய்விடும். பென் டிரைவை பஸ்ஸில் அனுப்பினோம். மலைக்கு மாத்திரை, செருப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கண்டக்டர் கையில்தான் வரும், போகும். பென் டிரைவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

“இதுல இன்னாங்க இருக்கு?” என்றார் கண்டக்டர்.

“மழை” என்றாள் மகள், என்னை முந்திக்கொண்டு.

“மழையா? அப்ப லக்கேஜ் டிக்கெட் போடணுமே.”

“சின்ன மழைதாண்ணா.”

“நம்ம ரோட்டுல சின்ன மழைக்கே வண்டி நின்னுடுது. எங்க நிக்கும்னு உள்ள எழுதியிருக்கா?”

“அதுக்குத்தாண்ணா கணக்கே.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கவரைக் காசுப் பைக்குள் போடாமல் சட்டைப் பையில் வைத்துப் பட்டன் போட்டார். அதிலிருந்து பஸ் போகும்போதெல்லாம் முடிந்த துண்டுகள் கீழே போயின, புதுத் துண்டுகள் மேலே வந்தன. பஸ் வரத் தாமதமானால் வேறு யாருக்கும் முன்பு நான்தான் ரோட்டில் போய் நிற்பேன். “வர்ற வழியில தொலைச்சிருப்பாரோ” என்பேன். “தொலைச்சா தொலைக்கட்டும், இன்னொரு ஊர்ல அதே துண்டு இருக்குது” என்பாள் மகள். அப்படி ஒரு பதிலை வாழ்க்கையில் எதற்காவது யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ரிவ்யூ நாள் வந்தபோது எல்லா மழையும் முடிந்திருக்கவில்லை. கனத்த மழைகள் பெரும்பாலும் முடிந்திருந்தன, விட்டுவிட்டுப் பெய்யும் மழைகள் பாக்கி. இருப்பதை வைத்துக்கொண்டு போகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன். கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து, குடிக்காத டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி பைண்டு போட்ட இரண்டு புத்தகங்களைப் புரட்டி, எதில் எது இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தவள் நேராக என் டீயை எடுத்துக் குடித்தாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

“கேட்டாங்கப்பா. கிளவுட்ல வாடகைக்கு எடுத்திருந்தா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்குமே, ஏன் இப்டிச் சுத்தி வளைச்சன்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“வாடகை குடுக்கத் துட்டு இல்ல சார், மூணு ஊர்ல வேண்டியவங்க இருந்தாங்கன்னேன். சிரிச்சாங்க. அப்பறம் இடி விஷயத்தச் சொன்னேன். அதுக்கு அரை மணி நேரம் கேள்வி கேட்டாங்க. எந்த வளைவுன்னு மேப்ல காட்டச் சொன்னாங்க. போன வருஷம் நம்ம பஸ்ஸு நின்னுச்சே, அதே வளைவு சிவப்பா வந்திருக்குது. நான் அத வெக்கலப்பா, தானா வந்துச்சு.”

“பாஸா?”

“தலைப்ப மாத்த வேணாம்னுட்டாங்க. மிச்ச மழைய முடிச்சு கடைசி வைவா பரீட்சைக்குக் கொண்டு வரச் சொன்னாங்க.”

இன்னொரு டீ வாங்கினேன், அதையும் அவளே குடித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அந்தக் கிளவுட் என்றால் என்ன என்று கேட்டேன். கிரிட் என்று பெயர் வைத்தவர்கள் கரண்டைப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்தார்கள், மீட்டரை மட்டும் சரியாக மாட்டவில்லை என்றாள். விஞ்ஞானிகளுக்குள் இன்று நீ கொடு, நாளை நான் தருகிறேன் என்று ஓடியது. அப்புறம் பெரிய கம்பெனிகள் ஊருக்கு வெளியே கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து, மீட்டர் மாட்டி, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டன. அதுதான் கிளவுட். துகளை மோதவிடுகிறவர்களுடைய கிரிட்டும், இரவல் வாங்குகிற வேலையும் இன்னும் நின்றுபோகவில்லை. ஆனால் உலகத்தில் பாதி பேர் வாடகைப் பக்கம் போய்விட்டார்கள்.

மீட்டர் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. “ஏம்மா, அப்ப அவங்க ரெண்டு பேர் மீட்டரும் ஓடியிருக்குமே?”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். இதுவரை நான் கவலைப்படாத ஒரு விஷயம் மிச்சம் இருந்தது இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கரண்டு பில் வந்ததும், எந்த ஊரில் எவ்வளவு நேரம் ஓடியது என்று ரிப்போர்ட்டுக்காகப் போட்டு வைத்திருந்ததை எடுத்து மகளே பங்கு பிரித்தாள். சந்தவாசலுக்குப் பணத்தோடு போனோம். தங்கை வாசலிலேயே நிறுத்தினாள். “அத்தைக்குக் கரண்டு துட்டு குடுக்க வந்துட்டியாடி? உள்ள வந்து துன்னுட்டுப் போ, இல்லன்னா அப்டியே திரும்பிப் போ” என்றாள். தின்றுவிட்டு வந்தோம். அங்கே அத்தோடு கணக்கு தீர்ந்தது.

ஆலங்காயத்தில் தலைமை இருந்ததால் அங்கேதான் மீட்டர் அதிகம் ஓடியிருந்தது. அது தங்கை வீடும் இல்லை. நான் நோட்டை நீட்டினேன். அவர் பாதியை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“அண்ணா, கணக்குன்னா கணக்கு.”

“கணக்கு இன்னும் ஓடினுதானேப்பா கீது? மிச்ச மழை பெஞ்சு முடியட்டும். மொத்தமா வாங்கிக்கிறேன். பாதி மழைக்கு முழுத் துட்டு வாங்கினா நல்லாருக்காது.”

விட்டுவிட்டுப் பெய்யும் மழைகள் இன்னும் அவர் கடையில்தான் பெய்துகொண்டிருக்கின்றன. தினமும் சாயங்காலம் போன் போட்டு, எவ்வளவு முடிந்தது என்று கேட்கிறேன், பில் ஏறியிருக்கிறதா என்றும் கேட்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார். மகள் நேற்று வரை ஓடிய நேரத்தைப் போட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆலங்காயத்துக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி, ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.